நானூற்றுப் பன்னிரண்டு கார்டு

காலை பத்து நாற்பதுக்கு ஆரம்பித்தேன் சார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் பெயர் தொட்டியம் அங்கம்மாள்.

கையில் தாள் இல்லை. குறிப்பு இல்லை. "தொட்டியம் அங்கம்மாள், கணவர் செல்லமுத்து, 2007 அக்டோபர் பதினெட்டு" என்றேன். எதிரே இருந்த மேடம் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு "அடுத்து" என்றார். "குளித்தலை வடமலை, 2007 நவம்பர் இரண்டு" என்றேன். "அடுத்து" என்றார். இப்படி மூன்று நாள். திங்கள், செவ்வாய், புதன். ஒரு மனிதன் இதைச் செய்தால் ஒரு நிர்வாகம் அவனை என்ன செய்ய வேண்டும்? மாலை போட வேண்டாம் சார். ஒரு நல்ல வார்த்தை? என்னைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஏழு வருடமாகப் பெட்ஷீட் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பேப்பரை மடிக்காதீர்கள். அந்த மூன்றாம் பக்கச் செய்தியைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். 'புற்றுநோயாளி பத்து ஆண்டு வாழும் வாய்ப்பைக் கணிக்கும் மென்பொருள்' என்று போட்டிருக்கிறது பாருங்கள். அது வேறு யாரோ செய்தது. ஆனால் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான். அதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. பஸ் முசிறி போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் குஞ்சிதபாதம். ஆஸ்பத்திரியில் பாதம் என்று சுருக்கிவிட்டார்கள். காவிரிக் கரையில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், நல்ல ஆஸ்பத்திரி, இன்னும் அங்கேதான் இருக்கிறேன். முழுக்கப் புற்றுநோய்க்கு மட்டும். வைத்தியம் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வருடா வருடம் கேட்க ஒரு பிரிவு உண்டு. பின்தொடர்வுப் பிரிவு என்று பலகை. பிரிவில் இரண்டே பேர். நானும் ஷகிலா பானுவும். நான் தபால். ஷகிலா கம்ப்யூட்டர்.

வேலை எளிது. ஆளுக்கொரு ஜோடிக் கார்டு அனுப்புவோம். ஒரு பாதியில் எங்கள் கேள்வி. மறுபாதியைப் பிய்த்து அவர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். அதில் மூன்று வரி அச்சடித்திருக்கும். முதல் வரி, நலமாக இருக்கிறார். இரண்டாவது வரி, உடல்நிலை சரியில்லை. மூன்றாவது வரி, காலமானார், தேதி. எது பொருந்துமோ அதில் ஒரு டிக். அவ்வளவுதான். வருகிற கார்டை நான் பிரித்துப் படித்து, அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு ஷகிலாவிடம் கொடுப்பேன். ஷகிலா ஏற்றுவார்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்குச் சாவுச் செய்தி சொல்லி ஒரு கார்டு வந்தால் என்ன செய்வீர்கள்? படித்ததும் கிழித்துப் போடுவீர்களா, அலமாரியில் அடுக்குவீர்களா? கருமாதிப் பத்திரிகையை யாராவது பத்திரப்படுத்தி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கூரைக்குக் கீழே வைக்கக் கூடாது சார். என் அப்பா வாசலிலேயே படித்து, வாசலிலேயே கிழித்து, கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். எங்கள் ஆஸ்பத்திரி மாடியில் நூற்றிருபது பேர் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேர் கீழே என் மேஜை. அந்த மேஜையில் இந்த மாதிரிக் கார்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்குவதா?

கிழித்தேன். மூன்றாவது வரியில் டிக் இருந்தால் கிழித்தேன். பதினோரு வருடம்.

நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? ஹெப்சிபா மேடமும் இப்படித்தான் பார்த்தார்.

டாக்டர் ஹெப்சிபா என்று பெயர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, புள்ளியியலில் டாக்டர். மார்த்தாண்டம் பக்கம். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். 2018 ஆரம்பத்தில் வந்தார். எங்கள் பிரிவுக்கு அதுவரை ஒரு பெரிய மனிதர்கூட எட்டிப் பார்த்ததில்லை. இவர் வந்து, "உங்ககிட்ட இருக்கறது தங்கம் சார்" என்றார். ஷகிலா ஏற்றி வைத்த இரண்டாயிரத்து எழுநூறு பேரின் விவரத்தை எடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதம் கதவைச் சாத்திக்கொண்டார். ஜூன் மாதம் வெளியே வரும்போது ஒரு மென்பொருள் கொண்டுவந்தார். மார்புப் புற்றுநோய் என்றால், நோயாளியின் வயது, கட்டி எவ்வளவு பெரிது, அக்குளில் எத்தனை நெறிகட்டிக்குப் பரவியது, என்ன வைத்தியம் என்று கொடுத்தால், பத்து வருடம் கழித்து அவர் உயிரோடு இருக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லும்.

"ஜோசியமா மேடம்?" என்றேன்.

"இல்ல சார். உங்களை மாதிரியே நூறு பேர் ஏற்கெனவே இந்த வழியா போயிருக்காங்க. அதுல எத்தனை பேர் பத்து வருஷம் தாண்டினாங்கன்னு பாக்குறேன். அவ்வளவுதான்."

"யாராவது ஒருத்தர் பைலைப் போட்டுப் பாக்கலாமே" என்று ஷகிலாதான் ஆரம்பித்தார். "அண்ணி பைலைப் போடுங்க மேடம்."

அண்ணி என்றால் என் மனைவி. மங்கையர்க்கரசி. முசிறிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அந்த ஜனவரியில்தான் மார்பில் கட்டி என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் ஆனது. பிறகு ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி போய், முளைக்க ஆரம்பித்திருந்த நேரம். வயது ஐம்பத்தொன்று. நெறிகட்டி இரண்டு. மேடம் ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசியில் ஒரு பொத்தானை அமுக்கினார்.

எண்பத்தொன்பது.

சார், எனக்கு அன்று கால் தரையில் இல்லை. அதுவரை யாரும் எனக்கு ஒரு எண் சொன்னதில்லை. 'பார்ப்போம்' என்பார்கள், 'நல்லபடியாக நம்புவோம்' என்பார்கள். எண்பத்தொன்பது என்று கம்ப்யூட்டர் சொன்னால் அது எப்படி இருக்கும்! பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டில் ஐஸ் பெட்டி ரிப்பேர் பார்க்க வந்தவரிடம் சொன்னேன். மீதி பதினொன்றை என்ன செய்வது என்று யோசித்து, பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய் உடைத்தேன். கணக்கு சரியாகிவிட்டது.

மங்கை சிரித்தாள். "எண்பத்தொம்பது மார்க்கா? நான் என் ஜென்மத்துல வாங்கினதில்ல. ப்ரேம் போட்டு மாட்டுங்க."

இதில்தான் ஒரு சிக்கல். அவளுக்குக் 'கரண்ட்' வைப்பதா வேண்டாமா என்று அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் என்போம். இருபத்தைந்து நாள் வந்து படுக்க வேண்டும். அவளுடைய நிலைமை இரண்டுங்கெட்டான். வைக்கலாம் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். கரண்ட் டாக்டர், "வைக்கிறதுன்னா ஜூலை பதினாறுக்குள்ள ஆரம்பிக்கணும்மா. அப்புறம் தள்ளிப்போட்டா பிரயோஜனம் குறையும்" என்றார். புது மென்பொருளில் கரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். தொண்ணூறு வந்தது.

"ஒரு மார்க்குக்கு இருபத்தஞ்சு நாளா?" என்றாள் மங்கை. "டாக்டர், ஸ்கூல் தொறந்து ஒரு மாசமாவுது. எனக்குப் பதிலா வந்தவளுக்கு முட்டை வேகவைக்கத் தெரியல. பிள்ளைங்க ஓட்டோட சேத்து சதையையும் பிச்சுப் போடுதுங்க. ஒரு மார்க்கு போனாப் போவுது."

டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். கரண்ட் வேண்டாம் என்று முடிவாயிற்று. எண்பத்தொன்பது இருக்கும்போது என்ன கவலை? ஜூலை பதினாறாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போவதாக அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஜூலை ஐந்து, வியாழக்கிழமை. ஹெப்சிபா மேடம் ஒரு தாளோடு எங்கள் அறைக்கு வந்தார். அவர் பெங்களூரில் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. தாளில் ஒரு கோடு. படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒருவர் போனால் ஒரு படி. முதல் மூன்று வருடம் படிபடியாக இறங்கி, அப்புறம் வராந்தா மாதிரிச் சமமாகப் போயிற்று. எனக்குப் பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. மேடம் முகத்தில் குளிர்ச்சி இல்லை.

"பாதம் சார், ஒரு சந்தேகம். இங்க பெட்ல இறந்தவங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்காங்க. வீட்டுக்குப் போய் இறந்தவங்க ஒருத்தர்கூட இல்ல. மூணாவது வரியில டிக் போட்ட கார்டு பதினோரு வருஷத்துல ஒண்ணுகூடவா வரல?"

"வராம இருக்குமா மேடம்? நம்ம ஜனங்க பொறுப்பானவங்க. நெறைய வரும்."

"அதெல்லாம் எங்க?"

"கிழிச்சிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும். வந்த அன்னிக்கே. ஒண்ணைக்கூட ராத்தங்க விட்டதில்ல மேடம்."

மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நம் ஒழுங்கைப் பார்த்து அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"யா அல்லாஹ்" என்றார் ஷகிலா. "பாதம் அண்ணே, இத்தனை வருஷமா என்கிட்ட பாதிக் கட்டு மட்டும்தான் குடுத்துட்டு இருந்தீங்களா?"

"நல்ல பாதியைக் குடுத்தேன் தங்கச்சி."

"ஏன் சார்?" என்றார் மேடம்.

நான் விளக்கினேன். உங்களுக்குச் சொன்ன அதே விளக்கம்தான். கூடவே ஒன்று சொன்னேன். "உங்க ஆய்வுக்குப் பேரே நெடுநாள் பிழைப்பு ஆய்வு. பிழைச்சவங்களைப் பத்தினது. அதுல போனவங்களுக்கு என்ன மேடம் வேலை?"

மேடம் பொறுமையாகச் சொன்னார். ஒரு பஸ் போகிறது. நூறு பேர் ஏறுகிறார்கள். கொஞ்சம் பேர் பாதி வழியில் இறங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாது. அதனால் இறங்கிய இடம் வரைக்கும் நன்றாக இருந்தார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்வோம். நான் கிழித்தவர்கள் எல்லாரும் அவருடைய கணக்கில் பாதி வழியில் இறங்கிப் போனவர்கள். உண்மையில் அவர்கள் இறங்கவில்லை.

"அப்ப அந்தக் கோடு தப்பா மேடம்?" என்றார் ஷகிலா.

"கோடு பொய்யி. எத்தனை பேர்னுகூடத் தெரியாது. இனி எங்க போய்த் தேட?"

"நானூத்திப் பன்னெண்டு" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இங்கேதான் சார் என் கட்டம்!

கிழிப்பது என்றால் சும்மா கிழிப்பதா? தாள்தான் தங்கக் கூடாது. ஆள் தொலையக் கூடாது. இதுவும் அப்பா சொன்னது. ஒவ்வொரு கார்டையும் மூன்று தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கிழிப்பேன். அதோடு விட்டேனா? வருடா வருடம் ஆடி அமாவாசைக்கு முசிறிப் படித்துறையில், என் அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த கையோடு இவர்களுக்கும் இறைப்பேன். ஒவ்வொருவராக, ஊர், பெயர், தேதியோடு. காவிரியில் தண்ணீர் இல்லாத வருடம் குழாயடியில். முதல் வருடம் இருபத்தாறு பெயர். அது வளர்ந்துகொண்டே போயிற்று. சாஸ்திரிகள் ஒருமுறை கேட்டேவிட்டார். "குஞ்சிதபாதம், உமக்கு இவ்வளவு பெரிய குடும்பமா? இந்த ரஹ்மத் பீவி உமக்கு என்ன உறவு?" "கார்டு உறவு சாமி" என்றேன். "கோத்திரம்?" "தெரியாது சாமி. கர்ப்பப்பை." பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். மங்கை பக்கத்தில் நின்று பெயருக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துப் போடுவாள். யாரும் விட்டுப்போகக் கூடாது அல்லவா.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றேன் மேடமிடம்.

"ஞாபகம் டேட்டா ஆகாது சார்."

"கேட்டுத்தான் பாருங்களேன்."

"சரி. ஒவ்வொண்ணையும் அப்புறம் நான் விசாரிச்சுத்தான் சேப்பேன்" என்றார். வேறு வழி இல்லை அவருக்கு.

அப்படித்தான் ஜூலை ஒன்பது, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது.

என்ன வேகம் என்கிறீர்கள்! நடுவில் மேடம் பழைய நோயாளிப் பதிவில் பெயரைத் தேடுவார். இருக்கும். ஒவ்வொரு தடவையும் இருக்கும். பெரிய டாக்டர் வந்து வாசலில் நின்று பார்த்தார். நர்ஸ்கள் வந்து பார்த்தார்கள். "மணப்பாறைல என் பெரியம்மா இருந்தாங்க, சொல்லுங்க பாப்போம்" என்று ஒரு நர்ஸ் சோதித்தாள். "பழனியாயி, 2011 மார்ச் நாலு" என்றேன். அவள் அழுதுவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் மங்கை சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். வேலைக்குத் திரும்ப ஒரு வாரம் இருந்ததால் வீட்டில்தான் இருந்தாள். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் போகவில்லை. மறுநாளும் வந்தாள்.

ஒவ்வொரு டீ இடைவேளையிலும் மேடம் மென்பொருளை மறுபடி ஓட்டிப் பார்ப்பார். நான் கவனிக்கவில்லை. நான் பெயர்களில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்கால டீக்கு மங்கைதான் கேட்டாள்.

"மேடம், என் மார்க்கு எப்பிடி இருக்கு?"

மேடம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எறங்குதுல்ல?"

"எறங்குதுக்கா."

"எவ்வளவுல நிக்குது?"

"எழுபத்தி நாலு."

நான் டீயை வாயில் வைத்திருந்தேன். விழுங்கினேனா என்று ஞாபகம் இல்லை. சார், அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை, சத்தியமாக. மற்ற நோய்க்காரர்களின் பெயர் வந்தால் ஒன்றும் ஆகாது. மார்பில் வந்த பெண்களின் பெயரை நான் சொல்லச் சொல்ல, இவளுடைய எண் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என் வாயாலேயே இறக்கிக்கொண்டிருந்தேன். இவள் இரண்டு நாளாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கேட்டாள். "இன்னும் எத்தனை பேரு?"

"நூத்திச் சொச்சம்."

"பொம்பளைங்க?"

"பாதிக்கு மேல."

"பாத்துச் சொல்லுங்க. பாஸ் மார்க்குக்குக் கீழ போயிடப் போறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது?

புதன்கிழமை நான் வேறு ஆள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால், அடுத்தது ஆணாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். தொண்டை, நாக்கு, இரைப்பை என்று வந்தால் உற்சாகமாகச் சொல்வேன். "லால்குடி நாவுக்கரசு!" என்று மைக் பிடித்தவன் மாதிரி. பெண் பெயர் வந்தால் குரல் உள்ளே போய்விடும். "என்ன சார், கேக்கல" என்பார் மேடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எண் அறுபத்தெட்டு. முந்நூற்று எழுபத்தொன்று பேர் முடிந்திருந்தது.

கேரியரை மூடினேன். கையைத் துடைத்தேன்.

"அவ்வளவுதான் மேடம். முடிஞ்சுது."

"நானூத்திப் பன்னெண்டுன்னீங்களே?"

"குத்துமதிப்பாச் சொன்னேன். இவ்வளவுதான்."

மேடம் நம்பிவிட்டார் சார். அவர் கீபோர்டை நகர்த்திவைக்கக்கூடச் செய்தார். அறுபத்தெட்டில் நிறுத்திவிடலாம் என்று நான் நினைத்தேன். அதில் என்ன தப்பு? அறுபத்தெட்டு என்பது முதல் வகுப்புக்கு மேலே.

"ஏங்க" என்றாள் மங்கை, பெஞ்சிலிருந்து. "போன வருஷம் ஆடிக்கு நானூத்தி நாலு புளியங்கொட்டை இருந்துச்சு. அதுக்கப்புறம் எட்டு பேரு. மறந்துபோச்சா?"

"மறந்துபோச்சு."

"தா.பேட்டை சிவகாமி மறந்துபோச்சா? அவங்க வீட்டுக்காரர் கார்டுல இடம் பத்தாம பின்பக்கம் எல்லாம் எழுதியிருந்தாருன்னு ஒரு வாரம் சோறு எறங்காம இருந்தீங்க. அது மறந்துபோச்சா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"எனக்கு மார்க் போடறதுக்கு நாப்பத்தொரு பேரை ஒளிச்சு வெப்பீங்களா? வருஷா வருஷம் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு, இப்ப நீங்க யாருன்னே தெரியாதுன்னா அவங்க எங்க போவாங்க?"

"நீ கொஞ்சம் சும்மா இரு மங்கை."

"நான் சும்மாதான் இருந்தேன். மூணு நாளா. இப்ப சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன். எனக்குப் பாதி தெரியும்." கேரியரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பொய்யா எண்பத்தொம்பதை வெச்சுக்கிட்டு நான் முட்டை அவிக்கப் போவணுமா?"

ஷகிலா அழுதுகொண்டே சிரித்தார். மேடம் கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தபடி "அடுத்து" என்றார்.

"தா.பேட்டை சிவகாமி" என்றேன். "2016 ஆகஸ்ட் இருபத்தொன்பது."

நாற்பத்தொரு பேரையும் சொன்னேன். மூன்று ஐம்பதுக்கு முடிந்தது. மேடம் கடைசியாக ஓட்டினார்.

அறுபத்து நாலு.

"கரண்ட் வெச்சா?" என்றாள் மங்கை.

மேடம் அதையும் தட்டினார். எழுபத்து மூன்று.

"ஒம்பது மார்க்கு. இதுக்குப் போலாம்." எழுந்தாள். "சரிபார்க்கறதெல்லாம் நீங்க மெதுவாப் பாருங்க மேடம். எனக்குப் பதினாறாம் தேதி வரைக்கும்தான் டைம்" என்று சொல்லிவிட்டு, கேரியரோடு நேராகக் கரண்ட் டிபார்ட்மெண்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். வழியில் ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே போன் போட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, தண்ணி கொதிச்சப்புறம் பன்னெண்டு நிமிஷம்" என்றாள்.

திங்கட்கிழமை ஆரம்பித்தது. லீவு, மெஷின் ரிப்பேர் எல்லாம் போக ஆகஸ்ட் இருபத்தேழு வரை இழுத்தது. தோல் கறுத்து, தொண்டை எரிந்து, ஒரு நாள் விடாமல் போனாள்.

அதற்குள் மேடம் ஆள் போட்டு நானூற்றுப் பன்னிரண்டையும் விசாரித்தார். சான்றிதழ், போன், நேரில். நானூற்று ஒன்பது அப்படியே சரி. இரண்டில் தேதி கொஞ்சம் பிசகு. ஒன்று மட்டும்தான் தவறு. துறையூர் அழகேசன். ஷகிலா போன் போட்டு, "அழகேசன் ஐயா எந்த வருஷம் காலமானார்னு சொல்ல முடியுங்களா?" என்று கேட்டிருக்கிறார். "நான்தாம்மா அழகேசன். மாட்டைக் கையில பிடிச்சிருக்கேன், வெரசா சொல்லு" என்று பதில் வந்தது. மருமகள் ஏதோ கோபத்தில் மூன்றாவது வரியில் டிக் போட்டு அனுப்பிவிட்டாள்! ஆறு வருடமாக அந்த மனிதருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறேன். நானே போன் வாங்கி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி, தண்ணி எந்தப் பக்கம் இருந்து வந்தா என்ன?" என்றார்.

பெங்களூர் மாநாட்டுக்கு மேடம் போகவில்லை. அடுத்த வருடம் கட்டுரை எழுதினார். எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். இறங்குகிற கோடு, வராந்தா இல்லாத கோடு, முதல் பக்கத்திலேயே இருந்தது. நன்றி சொல்கிற இடத்தில் பார்த்தேன். பெரிய டாக்டர் பெயர் இருக்கிறது. ஷகிலா பெயர் இருக்கிறது. என்னைப் பற்றி ஒரே வரி. 'விடுபட்ட தகவல்கள் வாய்மொழியாக மீட்கப்பட்டன.' வாய்மொழியாம். யார் வாய்?

நிர்வாகம் எனக்கு மெமோ கொடுத்தது. ஆவணங்களை அழித்ததற்கு விளக்கம் தருக. 'அழிக்கவில்லை, கிழித்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே துணிக் கிடங்கு. தபால் பிரிக்க இப்போது இரண்டு பேர் உட்கார வேண்டும் என்று உத்தரவு. மூன்றாவது வரிக் கார்டுகளை ஒரு இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள் சார். அதே கூரைக்குக் கீழே. அந்தப் பக்கம் போனால் எனக்கு இன்றைக்கும் கால் கூசுகிறது.

நியாயம் சொல்லுங்கள். நான் அந்த நாற்பத்தொரு பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால்? மூன்று நாள் உட்கார்ந்து மற்றவர்களையும் சொல்லாமல் இருந்திருந்தால்? அவள் எண்பத்தொன்பதை நம்பி வேலைக்குப் போயிருப்பாள். கரண்ட் வைத்திருக்க மாட்டாள். ஆக, அவளைக் கரண்டுக்குப் போக வைத்தது யார்? ஷகிலாவிடம் இதைச் சொன்னால், "அண்ணே, நீங்க மொதல்லயே கார்டைக் குடுத்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். எனக்கு உடனே பெட்ஷீட் எண்ணுகிற வேலை வந்துவிடும்.

நீங்கள் கேட்கத் தயங்குவது புரிகிறது. எல்லாரும் இந்த இடத்தில் தயங்குவார்கள்.

2024 செப்டம்பர் பதினெட்டு, புதன்கிழமை, மங்கையர்க்கரசிக்கு ஆறாம் வருடச் சோதனை நடந்தது. ஸ்கேனில் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போனாள்.